கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு: சொட்டா, பம்பா, ஆவியா, தைலமா?

சளி பிடித்த கைக்குழந்தை நடுராத்திரியில் மார்பைக் கவ்வும், நாலு மிடறு குடிக்கும், மூச்சு முட்டி வாயை எடுத்துவிட்டு வீறிடும். மறுபடி கவ்வும், மறுபடி விடும். பசியும் அடங்காது, தூக்கமும் வராது. அந்த வேளையில் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாட்டி கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் என்பார், அத்தை ஓம மூட்டை என்பார், பக்கத்து வீட்டில் மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் இருக்கும், மருந்துக் கடையில் சளி சிரப்பை எடுத்து நீட்டுவார்கள். இவற்றில் எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்பதைப் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்துச் சொல்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உப்புத் தண்ணீர் சொட்டு எல்லாவற்றுக்கும் முன். அதற்குப் பிறகும் பால் குடிக்க முடியாவிட்டால் மட்டும், பால் கொடுப்பதற்குச் சற்று முன் உறிஞ்சி எடுப்பது. மற்றவற்றில் சில வெறும் ஆறுதல், சில ஆபத்து.

குழந்தைக்கு இதில் ஏன் இவ்வளவு பாடு? முதல் சில மாதங்கள் அது பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. வாயில் பால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கில் காற்று போய் வர வேண்டும். அந்த மூக்கின் உள்வழி மிகக் குறுகல். குழாயின் உள் ஆரம் பாதியானால் காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்கு கூடும் என்பது இயற்பியல் கணக்கு. நமக்கு 'லேசாக மூக்கு கட்டியிருக்கு' என்று தோன்றும் அளவு வீக்கமே குழந்தைக்குப் பாதி வழியை மூடிவிடும்.

அடைப்பு என்பது இரண்டு விஷயம் சேர்ந்தது என்பதையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று சளி, இன்னொன்று மூக்கின் உள்தோல் வீங்குவது. சளியை இளக்கலாம், எடுக்கலாம். வீக்கத்தை எந்தப் பம்பும் எடுக்காது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஒன்றுமே வராத மூக்கை மறுபடி மறுபடி உறிஞ்சி, இருக்கும் வீக்கத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

ஒன்றும் செய்யாமல் விடலாமா?

விடலாம், பல நேரம் அதுவே சரி. பிறந்து முதல் சில வாரங்களில் சளியே இல்லாமல் மூக்கில் 'கொர் கொர்' சத்தம் வருவது சகஜம். குறுகிய வழியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே சத்தம் வரும். குழந்தை வழக்கம்போல் குடிக்கிறது, தூங்குகிறது, காய்ச்சல் இல்லை என்றால் சத்தத்துக்காக மூக்கில் எதையும் விட வேண்டாம்.

சளியே பிடித்திருந்தாலும் அளவுகோல் இதுதான்: மூக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்காதீர்கள், குடிப்பதற்கும் தூங்குவதற்கும் தடையா என்று பாருங்கள். சளி மஞ்சளாக, பச்சையாக மாறிவிட்டதே என்று ஆன்டிபயாடிக் கேட்டு ஓடுபவர்கள் உண்டு. வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள், நாலாம் நாள் நிறம் மாறும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உப்புத் தண்ணீர் சொட்டு

மருந்துக் கடையில் 'சலைன் மூக்குச் சொட்டு' என்று கேளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 0.65 சதவீத சோடியம் குளோரைடு கிடைக்கும், 0.9 சதவீதமும் உண்டு. குழந்தைக்கு இரண்டும் ஒத்துவரும். இதில் மருந்து எதுவும் இல்லை. காய்ந்த சளியை நனைத்து இளக்கும், அவ்வளவுதான். இளகியதில் பாதி தும்மலில் வெளியே வரும், மீதி தொண்டை வழியாக வயிற்றுக்குள் போகும். போனால் கெடுதல் இல்லை.

வாங்கும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு: பெட்டியின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கம் திருப்பி என்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். ஒரே பெயரில் உப்புத் தண்ணீரும் வரும், வீக்கத்தைச் சுருக்கும் மருந்தும் வரும். டப்பாவின் நிறம்கூட ஒன்றுபோல் இருக்கும். சோடியம் குளோரைடு என்று மட்டும் இருந்தால் எடுங்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் அது வேறு சமாச்சாரம். அதைப் பின்னால் பார்ப்போம்.

போடும் விதம்: பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிடம் முன் போடுங்கள். பாட்டிலை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் குளிர்ச்சி போய்விடும். இல்லாவிட்டால் முதல் சொட்டுக்கே குழந்தை உதறும். மடியில் மல்லாக்கக் கிடத்தி, தோளுக்குக் கீழே கைக்குட்டையைச் சுருட்டி வையுங்கள், தலை லேசாகப் பின்னால் சாயும். ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் 2 சொட்டு, தேவைப்பட்டால் 3. பாட்டில் முனை மூக்கில் படக் கூடாது. பட்டால் மூக்கில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் ஏறிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே கொஞ்சிக்கொண்டிருங்கள். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டுத் தோளில் நிமிர்த்திப் போடுங்கள். தும்மினால் பாதி வேலை முடிந்தது. மூக்கின் வாயிலில் வந்து நிற்பதை, நனைத்த பருத்தித் துணியின் ஓரத்தைத் திரித்துத் துடைத்து எடுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம். அது சளியை இன்னும் உள்ளே தள்ளும், பஞ்சு இழையும் உள்ளேயே தங்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஸ்பிரேயைவிடச் சொட்டு நல்லது. ஸ்பிரேயின் வேகம் குழந்தையைத் திணறடிக்கும். திறந்த பாட்டிலில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். லேபிளில் வேறு காலம் சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பாட்டில் கூடாது.

வீட்டிலேயே உப்புக் கரைத்துக்கொண்டால் என்ன? 0.9 சதவீதம் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம். ஒரு டம்ளருக்கு வீட்டுக் கரண்டியால் உப்பு அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும். உப்பு கூடினால் மூக்கு எரியும். காய்ச்சாத கிணற்று நீர், குழாய் நீர் மூக்குக்குள் போவதும் சரியல்ல. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்குக் கைக்குழந்தையிடம் இந்தச் சோதனை வேண்டாம்.

இந்தச் சொட்டைப் பற்றி இன்னொரு செய்தி. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட முடிவுகளில், சுமார் 2.6 சதவீத உப்பு நீர் சொட்டு போட்ட சிறு குழந்தைகளுக்குச் சளித் தொல்லை சராசரியாக 6 நாளிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 8 நாளிலும் தீர்ந்தது. அது அடர்த்தி கூடிய கரைசல், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பார்த்தது. மருத்துவர் சொல்லாமல் நாமே அடர்த்தியைக் கூட்டிக் கைக்குழந்தைக்கு விட அது காரணமாகாது.

உறிஞ்சி எடுப்பது: மூன்று கருவிகள்

சொட்டுக்குப் பிறகும் உள்ளே சளி களகளக்கிறது, குழந்தை மார்பை விட்டுவிட்டுக் குடிக்கிறது என்றால் இந்த வழிக்கு வரலாம்.

ரப்பர் பல்பு விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். மூக்கில் வைத்த பிறகு அமுக்கினால் பல்புக்குள் இருக்கும் காற்று சளியை உள்ளே தள்ளும். முதலில் வெளியே வைத்து முழுக்க அமுக்கிக்கொள்ளுங்கள். அமுக்கியபடியே முனையை மூக்கு வாயிலில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பொருத்துங்கள். பிறகு விரலை மெல்லத் தளர்த்துங்கள். முனை நேராகப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நடுச் சுவரில் உரசினால் அங்கே மெல்லிய ரத்தக் குழாய்கள் இருப்பதால் உடனே ரத்தம் கசியும். எடுத்து ஒரு துணியில் அமுக்கித் துப்ப வைத்துவிட்டு அடுத்த பக்கம்.

பல்பின் பெரிய குறை சுத்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, முழுக்கக் காயாது, சில வாரத்தில் உள்சுவரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வாங்குவதானால் இரண்டாகத் திறந்து கழுவக்கூடிய, முனை மிருதுவான சிலிக்கான் பல்பாக வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு கலந்த வெந்நீரை உள்ளே இழுத்துக் குலுக்கித் துப்ப வைத்து, வெறும் நீரில் அலசி, திறந்தபடி கவிழ்த்துக் காய விடுங்கள்.

வாயால் இழுக்கும் குழாய் இரண்டாவது வகை. ஒரு முனை குழந்தையின் மூக்கு வாயிலில் ஒட்டி நிற்கும், மறு முனை உங்கள் வாயில், நடுவில் வடிகட்டி. பார்க்கக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் எங்கள் தேர்வு இதுதான். எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பது நம் கன்னத்துக்கே தெரியும், குழந்தை முகம் சுளித்தால் அந்தக் கணமே நிறுத்தலாம். முனை உள்ளே போகாது. குழாய் கண்ணாடிபோல் இருப்பதால் சளி வந்ததா வரவில்லையா என்று பார்த்து முடிவு செய்யலாம். வடிகட்டியை லேபிள் சொல்கிறபடி மாற்ற வேண்டும், அதை மறந்தால் குழந்தையின் சளி உங்களுக்கும் வரும். சில வீடுகளில் பெரியவர்கள் குழாய் இல்லாமல் வாயை வைத்தே உறிஞ்சுவதும், மூக்கில் ஊதுவதும் உண்டு. அது பாசத்தில் செய்வது, ஆனாலும் விட்டுவிடச் சொல்லுங்கள். பெரியவர் வாயில் இருக்கும் கிருமிகள் பச்சைக் குழந்தைக்கு உயிராபத்தாகலாம். ஊதினால் சளி இன்னும் உள்ளே போகும்.

பேட்டரி பம்பு விலை அதிகம். ஒரே கையால் பிடிக்கலாம் என்பது அதன் வசதி. சத்தத்துக்குப் பல குழந்தைகள் மிரளும், இழுப்பும் நம் கைக்கு அடங்காது. வாங்கினால் வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதா என்று பாருங்கள்.

எந்தக் கருவி ஆனாலும் விதி ஒன்றே. நாளைக்கு 3, 4 முறைக்கு மேல் வேண்டாம். பால் குடித்தபின் செய்தால் குமட்டி, குடித்த அத்தனையும் வெளியே வரும். சொட்டு விடாமல் உலர்ந்த மூக்கை உறிஞ்சாதீர்கள். ஒரு முறை இழுத்து ஒன்றும் வராவிட்டால் அது வீக்கத்தால் வந்த அடைப்பு, கருவியைக் கீழே வையுங்கள். ரத்தக் கீற்று தெரிந்தால் அன்றைக்கு உறிஞ்சுவதே வேண்டாம், சொட்டு மட்டும் போதும்.

ஆவி, ஈரப்பதம், நெபுலைசர்

குண்டானில் கொதிக்கும் தண்ணீர், மேலே போர்வை என்பது பெரியவர்களுக்கான வழி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் ஒரு உதையில் குண்டான் கவிழும். ஆவியால் கிடைக்கும் சின்னப் பலனுக்கு வெந்நீர்க் காயம் ஈடாகாது. வேண்டாம்.

குளிர்ந்த புகைபோல் ஈரம் விடும் ஹியூமிடிஃபயர் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. ஐப்பசி மழையில் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், அங்கே இன்னும் ஈரம் சேர்த்தால் சுவரில் பூஞ்சைதான் வரும். இரவு முழுக்க ஏசி ஓடும் மூடிய அறை, ஹீட்டர் போட்ட மலை ஊர் வீடு என்றால் பயன் உண்டு. அப்படி வைத்தால் தினமும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் காய வைக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் அறை முழுக்க வெள்ளைப் பொடி படியும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். இவ்வளவு வேலை முடியாதென்றால் ஏசியை 26, 27க்கு ஏற்றி, காற்று குழந்தை மேல் நேராக அடிக்காமல் திருப்பிவிடுவதே போதும்.

நெபுலைசர் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஊற்றும் சல்பியூட்டமால் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக் குழல்களை விரிக்கும் மருந்து. மூக்கடைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இதயத் துடிப்பைத்தான் வேகமாக்கும். மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை இளையதுக்கு ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. செய்யாதீர்கள். வெறும் சலைனை அதில் ஊற்றினாலும் இரண்டு சொட்டு செய்வதைவிடக் கூடுதலாக மூக்குக்கு எதுவும் கிடைக்காது.

தைலம், கற்பூரம், சாம்பிராணி

இங்கேதான் வீட்டுக்குள் வாக்குவாதம் வரும். மென்மையாக, ஆனால் உறுதியாகப் பேச வேண்டிய இடமும் இதுவே. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். வாய்க்குள் போனால் சிறு அளவே குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். மெந்தாலை மூக்கருகே தடவினால் சில கைக்குழந்தைகளுக்கு மூச்சே நின்று போகலாம். மார்பில் தேய்க்கும் தைலங்கள் பலவற்றின் லேபிளிலேயே 2 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று இருக்கும். 'தேய்த்ததும் மூக்கு திறந்துவிட்டது' என்பதும் பாதி மாயை. மெந்தால் மூக்கின் குளிர் உணரும் நரம்பைத் தூண்டுகிறது, காற்று நிறையப் போவதுபோல் தோன்றுகிறது. அடைப்பு அப்படியே இருக்கும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கித் தேய்ப்பதும் இதே கணக்குதான். கற்பூரம் இல்லாத வெறும் எண்ணெயை நெஞ்சிலும் முதுகிலும் இதமாகத் தடவிவிட்டால் தடையில்லை. தேய்த்துவிடும் கைச்சூட்டில் குழந்தை அமைதியாகும், பாட்டியின் மனமும் நோகாது. ஆனால் குளிப்பாட்டிய பிறகு மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் கட்டாயம் நிற்க வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் வெளியே வராது, அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறும்.

வறுத்த ஓமத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதால் மூக்கு திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சூடாக நெஞ்சில் ஒற்றினால் சுடும், முடிச்சு அவிழ்ந்தால் விதை தொண்டையில் சிக்கும். கற்பூரவள்ளி, துளசிச் சாறு ஆறு மாதத்துக்குள் எதற்கும் வேண்டாம். தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும். தலைக்கு ஊற்றியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, வீட்டில் யாராவது பிடிக்கும் சிகரெட் ஆகிய மூன்றும் மூக்கின் உள்தோலை வீங்க வைப்பவை. சளி இருக்கும் வாரத்திலாவது இவற்றை நிறுத்திப் பாருங்கள். சில வீடுகளில் அடைப்பு அதோடு பாதி குறையும்.

மருந்துகள்

வீக்கத்தைச் சுருக்கும் சொட்டுகள், அதாவது ஆக்ஸிமெட்டாசோலின் வகை, ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். அதுதான் அவற்றின் கவர்ச்சி. கைக்குழந்தையின் உடம்புக்குள் அளவு கூடினால் மயக்கம், மூச்சு மந்தமாவது, துடிப்பு குறைவது எல்லாம் வரும். சில நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். மருத்துவர் குழந்தையைப் பார்த்து எழுதினால், அவர் சொன்ன நாள் கணக்குக்கு மட்டும்.

சளி சிரப்புகளைப் பற்றி இரண்டு பேச்சே வேண்டாம். குளோர்பெனிரமின், பீனைலெஃப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத சிரப்பானாலும் இந்த வயதில் மூக்கை அது திறப்பதில்லை. குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும், சளியை இன்னும் கெட்டியாக்கும். வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய பாட்டிலை இன்றே கொட்டிவிடுங்கள்.

பால், படுக்கை

கருவிகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் இரவு நன்றாகப் போகும். வழக்கமாக மூன்று மணிக்கு ஒரு முறை என்றால் ஒன்றரை மணிக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடியுங்கள். அப்படியும் மார்பில் திணறினால் பாலைக் கறந்து பாலாடையில், சங்கடையில் கொடுங்கள். விளிம்பைக் கீழுதட்டில் வைத்துக் குழந்தை தானாக நக்கிக் குடிக்கும்படி சாய்க்க வேண்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு மிடறுக்கும் நடுவில் மூச்சு விட அதற்கு இடைவெளி கிடைக்கும்.

தூளி குழந்தைக்குப் பிடித்த இடம்தான். ஆனால் துணி வளைவில் தாடை நெஞ்சில் படிந்து மூச்சு வழி மடங்கும். மூக்கும் அடைத்திருக்கும்போது அது இரட்டைச் சுமை. சளி தீரும்வரை சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்தாலும் கழுத்து இதேபோல் மடங்கும். நிமிர்ந்த நிலை வேண்டுமானால், நீங்கள் விழித்திருக்கும்போது 20, 30 நிமிடம் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும்

சாதாரணச் சளி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் 7 முதல் 10 நாளில் தணியும். அதற்குப் பிறகும் தணியாவிட்டால், நடுவில் நன்றாகி மறுபடி காய்ச்சல் வந்தால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தவழும் குழந்தை மூக்கில் எதையாவது திணித்திருக்கலாம்.

மூக்குச் சத்தத்தைக் கேட்டு நெஞ்சுச் சளி என்று பயப்படுவதும், நெஞ்சில் இருப்பதை மூக்கடைப்பு என்று விட்டுவிடுவதும் இரண்டும் நடக்கும். பிரித்தறிய ஒரு வழி மூச்சை எண்ணுவது. குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், குழந்தைகள் விட்டுவிட்டு மூச்சு விடுவார்கள். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனை. 3 மாதத்துக்குள் 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். யோசனை கேட்க வேண்டுமானால் தமிழ்நாட்டில் 104 உண்டு.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சிலும் முனகுவது, உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தையைத் தோளோடு நிமிர்த்திப் பிடித்திருங்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.